42 பக்கங்களும் ஓர் அரக்கு நிறமும்

பாளையங்கோட்டையில் பாய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கு நான் வலைத்தளம் செய்து கொடுத்திருக்கிறேன். பத்தமடைப் பாய்தான் அவருடைய முதன்மைச் சரக்கு. கோரையைக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயையும், அதிலேயே மணமக்களின் பெயரைச் சேர்த்து நெய்து தரும் கல்யாணப் பாயையும் வெளியூர்க்காரர்கள் இணையத்தில் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தளத்தை முதலில், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில், தனித்தனிக் கோப்புகளாகவே எழுதினேன். மொத்தம் 42 பக்கங்கள். ஒவ்வொன்றின் ஹெட் எனப்படும் தலைப்பகுதியிலும், பக்கத்தின் தோற்ற விதிகளைக் கொண்ட சிஎஸ்எஸ் கோப்பான ஸ்டைல்ஷீட்டை இணைக்கும் லிங்க் வரியைக் கையால் ஒட்டியிருந்தேன்.

சிக்கல் நிறத்தில் தொடங்கியது. தளத்தின் மேற்பட்டையில் இருந்த பளிச்சென்ற சிவப்பைக் கல்யாண சீசனுக்கு முன் அரக்கு நிறமாக மாற்றித் தரும்படி அவர் கேட்டார். சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றி ஏற்றிவிட்டு, என் கணினியில் பார்த்து நிறைவடைந்து, தகவலும் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "தம்பி, நேத்தே மாத்தியாச்சுன்னு சொன்னிய, இங்க இன்னும் அதே சிவப்பாத்தான இருக்கு?" அவருடைய உலாவி பழைய சிஎஸ்எஸ் கோப்பைக் கேஷ் என்ற தன் சேமிப்பில் வைத்துக்கொண்டு, தளம் இருக்கும் கணினியான சர்வரைக் கேட்காமலேயே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தச் சொன்னால் அவருக்குச் சரியாகிவிடும். ஆனால், போன வாரம் தளத்தைப் பார்த்துவிட்டுப் போன வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து அப்படிச் சொல்ல முடியுமா?

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. லிங்க் வரியில் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துவிட்டால், உலாவி அதைப் புதிய முகவரி என்று எண்ணி மறுபடியும் இறக்கிக்கொள்ளும். 42 பக்கங்களிலும் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுத்தேன். 41 பக்கங்கள் மாறின. ஒரு பக்கத்தில் மட்டும் இரட்டை மேற்கோள் குறிக்குப் பதிலாக ஒற்றை மேற்கோள் குறியிட்டு எழுதியிருந்ததால் அது தேடலில் சிக்கவில்லை. தப்பியது எந்தப் பக்கம் என்று கேட்டால், வாடிக்கையாளர் அதிகம் பார்க்கும் கல்யாணப் பாய்ப் பக்கம்தான். அன்று மாலையே தளம் முழுவதையும், சர்வரில் ஓடிப் பக்கங்களை உருவாக்கித் தரும் நிரல்மொழியான பிஎச்பிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். அவருடைய ஹோஸ்டிங்கில் பிஎச்பி ஏற்கெனவே இருந்ததால் கூடுதல் செலவும் இல்லை.

முதல் படி எளிதானது. ஹெட் பகுதியை ஒரே கோப்பில் எழுதி, எல்லாப் பக்கங்களும் இன்க்ளூட் கட்டளையால் அதை இழுத்துக்கொள்ளும்படி செய்தால், லிங்க் வரி ஓரிடத்தில்தான் இருக்கும். ஸ்டைல்ஷீட் ஒன்றே ஒன்று என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறிய தளங்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. ஐந்து பக்கக் கடைத் தளத்துக்குப் பெரிய ஃபிரேம்வொர்க்கை நிறுவிவிட்டு அதைப் பராமரிக்க முடியாமல் திணறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதோடு முடியவில்லை. கல்யாணப் பாய்ப் பக்கத்தில் மணமக்களின் பெயரைத் தட்டச்சு செய்தால், பாயில் நெய்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் முன்னோட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தனி ஸ்டைல்ஷீட், தனி எழுத்துரு, கட்டம் கட்டமான பின்னணி எல்லாம் உண்டு. மற்ற 41 பக்கங்களுக்கும் அவற்றை அனுப்புவது வீண். அந்தப் பக்கம் மட்டும் தனக்கு வேண்டிய ஸ்டைல்ஷீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் ஹெட் பகுதியை அச்சிடும், அதாவது உலாவிக்கு எழுதி அனுப்பும், கோப்பு பக்கத்தின் முதல் வரியிலேயே ஓடிவிடுகிறது. முன்னோட்டத்தைக் கட்டும் நிரல் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது. தனக்கு ஒரு ஸ்டைல்ஷீட் வேண்டும் என்று அது சொல்லும்போது ஹெட் பகுதி ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது. சர்வர் நிரலின் வழியாக ஸ்டைல்ஷீட் சேர்ப்பதில் உள்ள உண்மையான முடிச்சு இதுதான்.

அவசரத்தில் முதலில் செய்தது, உள்ளடக்கம் வரும் பாடி பகுதியின் நடுவிலேயே அந்த லிங்க் வரியை, அதாவது லிங்க் டேகை, அச்சிட்டதுதான். ஹெச்டிஎம்எல் விதிகள் இப்போது இதை அனுமதிக்கின்றன, உலாவிகளும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் பலன் நன்றாக இல்லை. அம்பாசமுத்திரம் போகும் பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் என் போனில் திறந்து பார்த்தேன். பெயர்கள் முதலில் வெறும் எழுத்தாக வந்து நின்றன, பிறகு கட்டங்கள் வந்தன, பிறகு எல்லாம் ஒருமுறை இடம்மாறி அமர்ந்தன. பந்தியில் சோற்றைப் பரிமாறிய பிறகு இலையை உருவி வேறு இலை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஸ்டைல்ஷீட் ஹெட் பகுதியில் இருந்தால் அது வந்து சேரும்வரை உலாவி எதையும் வரையாமல் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறை சொல்வார்கள், ஆனால் அலங்கோலமாக வந்து பிறகு திருந்துவதைவிட அது மேல்.

சரியான வழி, கேட்பதையும் அச்சிடுவதையும் பிரித்துவிடுவது. நான் எழுதிய ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல், எதையும் அச்சிடாது. ஒரு பெயர், கோப்பின் பாதை, தனக்கு முன்னால் வர வேண்டிய ஸ்டைல்ஷீட்டுகளின் பெயர்கள் ஆகியவற்றை வாங்கி ஒரு பட்டியலில் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். பெயரையே பட்டியலின் சாவியாக வைத்திருப்பதால், ஒரே பக்கத்தில் இரண்டு பகுதிகள் ஒரே ஸ்டைல்ஷீட்டைக் கேட்டாலும் லிங்க் வரி ஒருமுறைதான் வரும். பக்கத்தின் நிரல் முழுவதும் முதலில் ஓடி, தன் உள்ளடக்கத்தை ஒரு மாறியில் சேர்த்து முடித்த பிறகே, ஹெட் உட்படப் பக்கத்தின் சட்டகத்தைத் தரும் வார்ப்புரு திறக்கப்படும். அப்போது பட்டியல் நிறைந்திருக்கும், ஹெட் பகுதியும் அதைப் பார்த்து வரிசையாக அச்சிடும். பழைய நிரலை இப்படி மாற்றி அமைக்க நேரமில்லாதவர்கள், ஓபி ஸ்டார்ட் என்ற பிஎச்பி ஃபங்ஷனால் வெளியீட்டைப் பிடித்துவைத்து, கடைசியில் ஹெட் பகுதியில் தேவையான வரிகளைச் செருகி அனுப்பலாம். அது ஒட்டுவேலைதான் என்றாலும் சில இடங்களில் கைகொடுக்கும்.

இதை நானாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். தளங்களைக் கட்டி நிர்வகிக்க உதவும் பிஎச்பி மென்பொருளான வேர்ட்பிரஸ், 2008இல் வெளிவந்த 2.6 பதிப்பிலிருந்தே இதைத்தான் செய்துவருகிறது. அதன் டபிள்யூபி என்க்யூ ஸ்டைல் என்ற ஃபங்ஷன் பெயர், முகவரி, சார்புகள், பதிப்பு எண், மீடியா என்று ஐந்து தகவல்களை வாங்கிக்கொள்கிறது. அதை டபிள்யூபி என்க்யூ ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஹூக்கில், அதாவது நம் நிரலை மாட்டுவதற்கு வேர்ட்பிரஸ் விட்டுவைத்திருக்கும் கொக்கியில், மாட்ட வேண்டும். பெயரில் ஸ்கிரிப்ட் என்று இருப்பதைப் பார்த்து ஸ்டைலுக்கு வேறு ஹூக் இருக்கும் என்று தேடிக் குழம்பாத புதியவர் அபூர்வம். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் எழுதுகிறவர் தன் ஹெடர் கோப்பில் டபிள்யூபி ஹெட் என்ற அழைப்பை எழுத மறந்துவிட்டால், வரிசையில் நின்ற ஸ்டைல்ஷீட்டுகள் ஹெட் பகுதிக்கு வந்து சேராது. ஹெட் அச்சாகி முடிந்த பிறகு யாராவது கேட்டால், வேர்ட்பிரஸின் பல பதிப்புகள் அதை அடிப்பகுதியில் அச்சிட்டுச் சமாளிக்கும், ஆனால் மேலே சொன்ன இலை மாற்றும் கூத்து அங்கேயும் நடக்கும்.

பிஎச்பிக்கு வருவதற்கு முன்னால், பள்ளி ஒன்றின் கட்டண மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் சில காலம் இருந்தேன். அது மைக்ரோசாஃப்டின் வலை நிரலாக்கக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதப்பட்டது. 2005இல் வந்த 2.0 பதிப்பில் ஹெச்டிஎம்எல் லிங்க் என்ற கிளாஸைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒரு பொருளை உருவாக்கி, முகவரியையும், இணைப்பு எதற்கு என்று சொல்லும் ரெல் பண்பையும் கொடுத்து, பக்கத்தின் ஹெடரில் உள்ள உறுப்புகளின் பட்டியலான கன்ட்ரோல்ஸ் தொகுப்பில் சேர்த்தால் போதும். கேட்பதற்கு எளிது, ஆனால் வழியில் மூன்று பள்ளங்கள் உண்டு. ஹெட் டேகில் ரன் அட் சர்வர் என்று எழுதாவிட்டால் ஹெடர் என்பதே நல், அதாவது வெறுமை, ஆகி, பக்கம் பிழையோடு நின்றுவிடும். ஹெட் பகுதிக்குள் யாராவது சதவீதக் குறியிட்ட நிரல் துண்டு எழுதிவைத்திருந்தால், கன்ட்ரோல்ஸ் தொகுப்பை மாற்ற இயலாது என்று பிழைச்செய்தி வரும். மூன்றாவதில்தான் நான் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் சேர்ப்பது வீண் என்று எண்ணி, பக்கம் முதன்முறை ஏற்றப்படும்போது மட்டும் சேர்க்கும்படி நிபந்தனை போட்டேன். பக்கம் அழகாகத் திறந்தது. கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தியதும் வடிவமைப்பு முழுவதும் மறைந்து, 1990களின் பக்கம் போல் நின்றது. நிரலால் சேர்க்கப்பட்ட கன்ட்ரோல்கள் அடுத்த போஸ்ட்பேக்கில், அதாவது பொத்தானை அழுத்தியதும் பக்கம் சர்வருக்குப் போய்த் திரும்பும்போது, தாமாக வருவதில்லை, ஒவ்வொரு முறையும் மறுபடி சேர்த்தாக வேண்டும் என்பதை அலுவலக வரிசையில் பெற்றோர்கள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் கற்றுக்கொண்டேன்.

வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் என்ற பெயரில் உள்ள கேஸ்கேட் என்ற சொல்லுக்கே படிப்படியாக விழும் அருவி என்றுதான் பொருள். ஹோக்கன் வியூம் லீ 1994இல் முன்வைத்த முதல் திட்டத்திலேயே அந்தச் சொல் இருந்தது. 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் முதல் நிலை பரிந்துரையாக வெளிவந்தது. பாபநாசத்து அகத்தியர் அருவியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். மேலிருந்து வருவதன் மீது கீழே சேர்வதும் கலந்துதான் வெளிப்படும். சம வலுவுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வந்தது வெல்லும். ஆகவே பொது ஸ்டைல்ஷீட் முன்னும் பக்கத்துக்கான ஸ்டைல்ஷீட் பின்னும் வர வேண்டும். கேட்கப்பட்ட வரிசையிலேயே அச்சிட்டால், நிரல் எந்த வரிசையில் ஓடியது என்பதைப் பொறுத்து நிறங்கள் மாறும். அதனால்தான் சார்புகளையும் சேர்த்துக் குறித்துவைக்கிறோம். முன்னோட்டத்தின் ஸ்டைல்ஷீட் பொது ஸ்டைல்ஷீட்டைச் சார்ந்தது என்று சொல்லிவிட்டால், எதை முதலில் கேட்டாலும் பொதுவானது முன்னால் வந்துவிடும்.

கோப்பின் பாதையை எழுதுவதிலும் கவனம் வேண்டும். பக்கத்தை ஒப்பிட்டு எழுதிய பாதை, உட்கோப்புறையில் உள்ள பக்கத்தில் வேறு இடத்தைக் காட்டும். சோதனைத் தளம் உட்கோப்புறையிலும் உண்மையான தளம் முதன்மைக் கோப்புறையான வேரிலும் இருப்பதால், அடிப்படை முகவரியை அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதி, ஃபங்ஷனே அதைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்தேன்.

இனி அண்ணாச்சியின் சிவப்பு. பதிப்பு எண்ணைக் கையால் எழுதினால் மறப்பேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைத் தரும் ஃபைல் எம்டைம் என்ற பிஎச்பி ஃபங்ஷனின் விடையையே பதிப்பு எண்ணாக ஒட்டிவிட்டேன். கோப்பு மாறினால் எண் மாறும், எண் மாறினால் முகவரி மாறும், முகவரி மாறினால் உலாவி புதிதாக இறக்கும். மாறாதவரை கேஷிலேயே இருக்கட்டும் என்று, சிஎஸ்எஸ் கோப்புகளுக்கு ஓர் ஆண்டு, அதாவது 3,15,36,000 விநாடிகள், கோப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்பான கேஷ் கன்ட்ரோல் தலைப்பை சர்வரில் அமைத்தேன். முன்பு என்னைத் தொல்லைப்படுத்திய கேஷ் இப்போது பக்கத்தை விரைவாக்கியது. இதிலும் ஒரு குறை உண்டு. எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஏற்றினால், உள்ளடக்கம் மாறாத கோப்புக்கும் நேரம் மாறிவிடும். இரண்டு சர்வர்களில் தளம் ஓடினால் இரண்டிலும் நேரம் வேறுபடலாம். அத்தகைய இடங்களில் கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிட்ட ஹாஷ் என்ற அடையாளக் குறியீட்டைப் பயன்படுத்துவதே சரி. பாய்க் கடைக்கு நேரமே போதும்.

நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ள ஒரு வசதி வேண்டும் என்று அவர் கேட்டபோது, சிஎஸ்எஸ் கோப்பையே பிஎச்பியால் உருவாக்கிவிடலாம் என்று எண்ணினேன். பிஎச்பி தானாக அனுப்பும் கன்டென்ட் டைப் தலைப்பு டெக்ஸ்ட் ஹெச்டிஎம்எல் என்பதாக இருக்கும். பக்கத்தின் வகையைத் தொடக்கத்தில் அறிவிக்கும் டாக்டைப் வரியைச் சரியாக எழுதிய பக்கத்தில் அப்படி வரும் ஸ்டைல்ஷீட்டை உலாவி ஒதுக்கிவிடும். எனவே டெக்ஸ்ட் சிஎஸ்எஸ் என்ற தலைப்பை நாமே அனுப்ப வேண்டும். அனுப்பினேன். என் கணினியில் சரியாக இருந்தது, சர்வரில் ஏற்றியதும் தளத்துக்கு நிறமே இல்லை. தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை மட்டும் பதிவேட்டில் இருந்தது. ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதில் போயிற்று. காரணம் தமிழ்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். அமைப்புக் கோப்பில் தமிழில் குறிப்புகள் எழுதியிருந்ததால், நோட்பேடில் அதை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்திருந்தேன். அந்தப் பழைய நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். பிஎச்பி அந்த மூன்று பைட்டுகளையும் வெளியீடாகக் கருதி அனுப்பிவிட்டது, அதன் பிறகு தலைப்பு அனுப்ப வழியில்லை. என் கணினியில் வெளியீட்டை 4096 பைட் வரை தேக்கிவைக்கும் அமைப்பு இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் பிஓஎம் இல்லாமல் சேமிப்பதை இயல்பாக வைத்திருக்கிறது. பழைய கணினியில் தமிழ்க் குறிப்புகளோடு நிரல் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிழையைத் திருத்திய பிறகு அந்த வழியையே கைவிட்டேன் என்பது வேறு கதை. ஒரு நிறத்துக்காகக் கோப்பு முழுவதையும் ஒவ்வொரு முறையும் பிஎச்பியால் உருவாக்குவது வீண்வேலை. ஸ்டைல்ஷீட்டில் நிறத்தைக் கஸ்டம் பிராப்பர்ட்டியாக, அதாவது நாமே பெயரிட்ட மதிப்பாக, எழுதிவிட்டு, அதன் மதிப்பை மட்டும் ஹெட் பகுதியில் ஒரு சிறிய ஸ்டைல் டேகில் சர்வர் அச்சிட்டால் போதும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பயனர் தரும் மதிப்பை அச்சிடும் முன் ஹெச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ் ஃபங்ஷனால் சுத்தம் செய்வது நம் பழக்கம். அது சிறப்பு எழுத்துகளுக்குப் பதிலாக வைக்கும் குறியீடுகள் ஸ்டைல் டேகுக்குள் பழைய எழுத்துகளாக மீட்கப்படுவதில்லை என்பதால் அந்தப் பழக்கம் அங்கே பொருந்தாது. # குறி ஒன்றும் அதன் பின் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான ஆறு பதினாறடிமான இலக்கங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் பழைய நிறத்தையே அச்சிடுகிறேன்.

எல்லாவற்றையும் சர்வரே முடிவு செய்ய வேண்டும் என்ற ஆசை இந்த வேலையில் எளிதில் தொற்றிக்கொள்ளும். உலாவியின் பெயரைப் பார்த்து, போனுக்கு ஒரு ஸ்டைல்ஷீட், கணினிக்கு ஒரு ஸ்டைல்ஷீட் என்று அனுப்பும் நிரல்களை இன்றும் பார்க்கிறேன். திரையின் அகலம் உலாவிக்குத் தெரியும், சர்வருக்குத் தெரியாது. ஆகவே அதை, திரையைப் பார்த்து விதிகளைத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எஸ் மீடியா நிபந்தனையிடமே விட்டுவிட வேண்டும். தமிழ் எழுத்துருவிலும் அப்படித்தான். தமிழ் வரும் பக்கங்களுக்கு மட்டும் எழுத்துருவின் ஸ்டைல்ஷீட்டை இணைக்க முதலில் நிரல் எழுதியிருந்தேன். எழுத்துரு விதியில் யூனிகோட் ரேஞ்ச் என்று தமிழின் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையிலான வரம்பைக் குறித்துவிட்டால், பக்கத்தில் தமிழ் எழுத்து ஒன்றாவது இருந்தால்தான் உலாவி எழுத்துருவை இறக்கும் என்று அறிந்ததும் அந்த நிரலை நீக்கிவிட்டேன். சர்வர் செய்ய வேண்டியது, பக்கத்தின் மொழியை லாங் பண்பில் சரியாக எழுதுவது மட்டுமே. மற்றபடி தமிழுக்கு வரி இடைவெளியைக் கூட்டுவதையும், இசக்கியம்மாள், சங்கரநாராயணன் போன்ற நீண்ட பெயர்கள் போன் திரையில் கட்டத்தைத் தாண்டாமல் மடங்குவதையும் ஸ்டைல்ஷீட்டே பார்த்துக்கொள்ளும்.

ரசீதுப் பக்கத்துக்கு மட்டும், மீடியா பிரிண்ட் என்று குறித்த ஸ்டைல்ஷீட் ஒன்றை அதே பட்டியலின் வழியாகச் சேர்த்திருக்கிறேன். திரையில் பார்க்கும்போதும் உலாவி அதை இறக்கத்தான் செய்யும், ஆனால் அதற்காகப் பக்கத்தை வரையாமல் காத்திருக்காது.

போன மாதம் அண்ணாச்சி தானே நிறத்தைப் பச்சைக்கு மாற்றிவிட்டு அழைத்தார். 42 பக்கங்களிலும் பச்சை வந்துவிட்டதாகவும், ரசீதை அச்சிட்டால் மட்டும் மேற்பட்டை வெள்ளையாக வருவதாகவும் சொன்னார். பின்னணி நிறங்களை உலாவிகள் இயல்பாக அச்சிடுவதில்லை. அச்சுக்கான ஸ்டைல்ஷீட்டில் பிரிண்ட் கலர் அட்ஜஸ்ட் என்ற பண்பை எக்ஸாக்ட் என்று எழுதி ஏற்றினேன். அன்று மாலை, எதையும் அழுத்தச் சொல்லாமலேயே, அவருடைய பிரின்டரில் பச்சை வந்தது.